காய்ச்சலுக்குப் பயந்து கட்டிய ஊர்

போன மாதம் இரண்டு நாள் குடும்பத்தோடு கொடைக்கானல் போய் வந்தேன். "பயணக் கட்டுரையா, ஆளை விடு" என்று யாரும் எழுந்து ஓட வேண்டாம். படகு விட்டது, சுட்ட சோளம் தின்றது, குதிரை மேல் ஏறிப் பயந்தது எதையும் எழுதப் போவதில்லை. அக்கா மகன் பஸ்ஸில் ஒரு கேள்வி கேட்டான். நான் பெரிய மனுஷன் மாதிரி பதில் சொன்னேன். ஊருக்குத் திரும்பி நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் அந்தப் பதிலில் ஏறக்குறைய ஒவ்வொரு வார்த்தையும் தப்பு என்று தெரிந்தது. வணிகவியல் படிக்கிறவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். கணக்கில் பிழை என்று தெரிந்தால் பிழைதிருத்தப் பதிவு போட வேண்டும் என்பது எங்களுக்கு முதலாம் ஆண்டுப் பாடம். அதைத்தான் செய்கிறேன் :-)

முதலில் எதற்குப் போனோம் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். போன ஐப்பசி மழையில் அக்காவின் சின்ன மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து வயது. டெங்கு என்றார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரி. காலையில் ஒரு தாள், சாயங்காலம் ஒரு தாள் கொடுப்பார்கள், பிளேட்லெட் எண்ணிக்கை போட்டு. 1,10,000. அப்புறம் 62,000. அப்புறம் 38,000. எண்கள் இறங்குவதைப் பார்க்கிற படிப்புதான் நான் படிப்பது, ஆனால் இந்த இறக்கத்தைப் பார்க்க எனக்குக் கை நடுங்கியது. ஐந்தாம் நாள் எண் ஏறத் தொடங்கியது. அதற்குள் அம்மா பழனி முருகனுக்கு மொட்டை நேர்ந்துவிட்டிருந்தாள். பரீட்சை எல்லாம் முடிந்து, அக்கா, மாமா, பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா, நான் என்று ஆறு பேரும் பழனி போய் முடி இறக்கினோம். அங்கிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் நேர் பஸ் இருக்கிறது, சுமார் 65 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, பிள்ளைகளுக்கு மலையைக் காட்டிவிட்டுப் போவோம் என்றார் மாமா. மொட்டைத் தலையில் சந்தனம் காயாமலே சின்னவளுக்குக் குல்லா மாட்டி ஏற்றினோம்.

வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்து முடித்த பெரியவன், முகம் கழுவிக்கொண்டு கேட்டான்: "மாமா, இந்த மலைக்கு மொத மொத யாரு வந்தா?"

"வெள்ளைக்காரன்டா. இங்கிலாந்துலருந்து வந்தவனுக்கு நம்ம ஊரு வெயில் தாங்கலை. ஜாலியா இருக்கலாம்னு மேல வந்து ஊரைக் கட்டிட்டான்."

பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்கூடத் தலையாட்டினார். நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது.

"மொத மொத" என்பதிலேயே தொடங்கலாம். பழனி மலைகளில் மனிதர்கள் காலம் காலமாக இருக்கிறார்கள். தாண்டிக்குடி பக்கமெல்லாம் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் இருக்கின்றன. பளியர்கள் காட்டையே வீடாகக் கொண்டவர்கள். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள். குன்னுவர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் சமவெளியிலிருந்து ஏறி வந்து படிக்கட்டு வயல் வெட்டி விவசாயம் செய்தவர்கள். வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் கொடைக்கானல் என்ற டவுன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்த ஊர்கள். பூம்பாறைக் கோயிலில் இருக்கும் முருகனுக்குப் பெயர் குழந்தை வேலப்பர். ஆக இந்த மலைக்கு முதலில் வந்த குழந்தை யார் என்று கேட்டால் பூம்பாறைக்காரர்கள் வேறு பதில் வைத்திருப்பார்கள். (பூம்பாறை என்றதும் பூண்டு நினைவுக்கு வந்தவர்களுக்கு: கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.)

வெள்ளைக்காரர்கள் என்று எடுத்துக்கொண்டால், 1821-இல் நில அளவை செய்ய ஏறிய பி.எஸ். வார்டு என்ற ராணுவ அதிகாரியைச் சொல்ல வேண்டும். அவர் தங்கி வேலை பார்த்ததே வெள்ளகவி என்ற மலைக் கிராமத்தில்தான். ஏற்கெனவே ஊர் இருந்ததால்தான் தங்க முடிந்தது. 1834-இல் மதுரையின் சப் கலெக்டர் ராட்டன் செண்பகனூர் பக்கம் ஒரு சிறு பங்களா கட்டினார். ஆனாலும் ஒரு பங்களா ஊராகிவிடாது. ஊரை உண்டாக்கியவர்கள் வேறு ஆட்கள். இங்கேதான் என் பதிலின் அடுத்த தப்பு வருகிறது. அவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் இல்லை, அமெரிக்கர்கள். அரசாங்க அதிகாரிகளும் இல்லை, பாதிரிமார்கள். முக்கியமாக, ஜாலிக்கு வந்தவர்கள் இல்லை.

ஊட்டியின் கதையும் சிம்லாவின் கதையும் வேறு. ஊட்டிக்கு 1819-இல் ஏறிய ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர். பின்னால் சென்னை அரசாங்கமே கோடையில் கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போகும் வழக்கம் வந்தது. அங்கெல்லாம் அதிகாரம் முதலில் ஏறியது, குடும்பம் பின்னால் ஏறியது. கொடைக்கானலில் குடும்பம்தான் முதலில் ஏறியது.

அமெரிக்கர்கள் மதுரைக்கு எப்படி வந்தார்கள் என்றால், யாழ்ப்பாணம் வழியாக. 1816 முதல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தது. 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியவர்கள் அவர்களே. அங்கே தமிழ் படித்துத் தேறியவர்களில் சிலர் 1834-இல் கடல் தாண்டி மதுரைக்கு வந்து கிளை ஆரம்பித்தார்கள். மதுரையில் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், பசுமலையில் 1881-இல் தொடங்கிப் பின்னால் தல்லாகுளம் பக்கம் வந்த அமெரிக்கன் கல்லூரி அந்த மரத்தின் ஒரு கிளைதான்.

மதுரை அவர்களைக் கொன்றது என்று சொன்னால் மிகையாகாது. முதல் பத்து வருஷத்தில் அந்தச் சிறு கூட்டத்தில் சாவு மேல் சாவு. காலரா, சீதபேதி, விடாத விஷக்காய்ச்சல். ஆண்கள் போனார்கள், பிரசவத்தில் மனைவிமார் போனார்கள், எல்லாரையும் விடச் சுலபமாகக் குழந்தைகள் போனார்கள். அவர்கள் காலத்து மருத்துவத்தை நினைத்துப் பாருங்கள். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். சதுப்பு நிலத்திலிருந்தும் அழுகல் பொருளிலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று மெத்தப் படித்த டாக்டர்களே நம்பினார்கள். காலரா தண்ணீரில் வருகிறது என்று லண்டனில் ஜான் ஸ்நோ காட்டியது 1854-இல். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டது 1897-இல். 1840-களில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் செய்யக்கூடியது கொஞ்சம் கொயினா கொடுப்பது, நெற்றியில் ஈரத்துணி போடுவது, ஜெபம் செய்வது, அவ்வளவே.

காற்றுதான் கெட்டது என்றால் நல்ல காற்று இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்தது கொடைக்கானலை அல்ல, சிறுமலையை. நம் வாழைப்பழத்துக்குப் பெயர் போன அதே சிறுமலை. திண்டுக்கல்லுக்குப் பக்கம், மதுரையிலிருந்தும் கிட்ட. கொஞ்சம் குளிர்ச்சியும் உண்டு. ஆனால் அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அவர்களுக்குக் காரணம் புரியவில்லை. நமக்கு இன்று புரியும். மலேரியாக் கிருமி கொசுவின் உடம்புக்குள் சில நாட்கள் வளர்ந்த பிறகுதான் அடுத்த ஆளுக்குப் போக முடியும். அந்த வளர்ச்சிக்குச் சூடு வேண்டும். வெப்பம் 16, 18 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், கிருமி முற்றுவதற்குள் கொசுவின் ஆயுசு முடிந்துவிடும். சிறுமலை அந்த அளவு உயரம் இல்லை. கொடைக்கானல் சுமார் 7,000 அடி. தப்பான காரணத்தை வைத்துக்கொண்டு சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சரித்திரத்தில் இந்த மாதிரி அதிர்ஷ்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், பரீட்சையில் தப்பான வழியில் போட்டும் விடை சரியாக வருகிற மாதிரி!

1845-இல் ஏரி இருக்கும் பள்ளத்தை அடுத்த மேட்டில் (அப்போது ஏரி இல்லை, சதுப்பும் ஓடையும்தான்) இரண்டு வீடுகள் எழும்பின. சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர் வைத்தார்கள். கொடைக்கானல் என்ற டவுனுக்கு அதுதான் கடைக்கால். உல்லாச விடுதி இல்லை, பார்வைக் கோபுரம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்க இரண்டு வீடு.

ஏறுவது எப்படி? இதைப் படித்த பிறகு பெரியவனின் இரண்டு வாந்தியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதுரையிலிருந்து பெரியகுளத்துக்கு மாட்டு வண்டி. பகலில் வெயில் என்பதால் ராத்திரிப் பயணம், எப்படியும் இரண்டு மூன்று ராத்திரி பிடித்திருக்கும். அடிவாரத் தோப்பில் வண்டியை விட்டுவிட்டு அங்கிருந்து ஒற்றையடி மலைப்பாதை. சுமார் 12 மைல் தூரத்துக்குள் ஏறக்குறைய ஆறாயிரம் அடி ஏற்றம். நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள், சிலர் மட்டக் குதிரையில் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் நோயாளிகளும் டோலியில் போனார்கள். கம்பில் கட்டிய நாற்காலி, தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கும் ஆட்கள். சட்டி பானை, படுக்கை, பைபிள், மாவு மூட்டை எல்லாம் தலைச்சுமையாக ஏறின.

இந்த இடத்தில் எனக்கு ஒரு உறுத்தல். டோலியில் போன பாதிரிமார் பெயர்கள் கிடைக்கின்றன, அவர்கள் மனைவிமார் பெயர்கள் கிடைக்கின்றன, வீடுகளுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. தூக்கியவர்களில் ஒருவர் பெயர்கூட நான் படித்த எதிலும் இல்லை. கூலிகள், அவ்வளவுதான். காய்ச்சலுக்குத் தப்பிக்க ஒரு குழந்தையை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, அவர்கள் அதே காய்ச்சல் இருக்கும் ஊருக்கு இறங்கிப் போனார்கள். அவர்கள் வீட்டிலும் ஐந்து வயதுப் பிள்ளைகள் இருந்திருக்கும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சமவெளி காய்ந்து கிடந்தபோது அந்த ஊர்களின் குழந்தைகளை எந்த மலைக்கும் யாரும் தூக்கவில்லை.

இதற்காக அந்த மிஷனரிகளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆறு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கையில் இருக்கும் எதையும் செலவழித்து எங்கே வேண்டுமானாலும் ஓடத்தான் தோன்றும். மதுரையில் அவர்கள் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் எழுதினால்தான் கணக்கு. வரவுப் பக்கம் மட்டும் எழுதிவிட்டு மூடிவிட்டால் அது கணக்கு இல்லை.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிஷன்காரர்களைப் பார்த்து அதிகாரிகளும் ஏறினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு ஏரியை உண்டாக்கினார், சொந்தப் பணத்தையும் போட்டு. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது! கடல் ஊரிலிருந்து மலை ஊருக்கு ஒரு படகு ஏறி வந்த காட்சியை யாராவது படம் எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். 1872-இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலைச்சரிவை ஒட்டி நடைபாதை போட்டார், இன்றைக்கு நாம் டிக்கெட் எடுத்து மேகம் பார்க்கும் கோக்கர்ஸ் வாக். 1899-இல் சூரியனை ஆராயும் வானாய்வகம் வந்தது. இதெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்கும்.

1875-இல் ரயில் மதுரைக்கு வந்ததும் அம்மையநாயக்கனூரில் இறங்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. பின்னால் அந்த ஸ்டேஷனுக்கே கொடைக்கானல் ரோடு என்று பெயர் வந்துவிட்டது. பெயரை நம்பி இறங்குகிறவர்கள் பாவம், ஸ்டேஷனிலிருந்து கொடைக்கானல் இன்னும் 80 கிலோமீட்டர். மலைக்கு வண்டிப் பாதை போடும் முயற்சி மேஜர் லா என்ற பொறியாளரால் 1870-களில் தொடங்கியது. நடுவில் பணம் இல்லாமல் நின்று போய், 1910-களின் நடுவில்தான் முடிந்தது. வத்தலக்குண்டு வழியாக நாம் இன்று போகும் பாதைக்கு லாஸ் காட் என்று பெயர் இருப்பது அவரால்தான். ஆக, முதல் வீடு கட்டி எழுபது வருஷம் வரை இந்த ஊருக்கு மனிதத் தோள்தான் வாகனம். நான் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு பெரிய பிரச்சினையும் அவர்களுக்கு இருந்தது. காய்ச்சலுக்குத் தப்பிய பிள்ளை ஏழெட்டு வயதானால் படிக்க வேண்டுமே? கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கும்வரை ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பல மாதப் பயணம். அனுப்பிய பிள்ளையை மறுபடி பார்க்க வருஷக்கணக்காகும். உயிரோடு இருந்தும் இல்லாத மாதிரிதான். அதற்கு ஒரு முடிவு கட்டத்தான் 1901-இல் ஹைகிளர்க் என்ற பழைய ஓட்டல் கட்டடத்தில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள், 13 மாணவர்களோடு. முதல் தலைமை ஆசிரியை மார்கரெட் எடி, மிஷன் வேலைக்கு வந்த மகனைப் பின்தொடர்ந்து வந்த ஒரு தாய். அந்தப் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. நாங்கள் ஏரியைச் சுற்றி நடந்தபோது அதன் சுவர் ஓரமாகத்தான் நடந்தோம். "ஃபீஸ் எவ்வளவுடா இருக்கும்?" என்று மாமா கேட்டார், அந்த ஆராய்ச்சியை அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

பிள்ளைகளுக்காகக் கட்டிய ஊரில் பெரியவர்களும் வந்து ஓய்ந்தார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் தம் கடைசி நாட்களைக் கழித்தது இங்கேதான். 1891 ஆகஸ்டு 28-இல் கொடைக்கானலில் இறந்தார். உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, அவர் அரை நூற்றாண்டு உழைத்த இடையன்குடிக்குப் போனது. அப்போதும் லா பாதை கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரும் 1960-இல் இங்கேதான் கண்ணை மூடினார்.

நம் ஆட்கள் எப்போது குடும்பத்தோடு சும்மா சுற்றிப் பார்க்க ஏறத் தொடங்கினார்கள்? ஒரு தேதி சொல்ல முடியாது. ஏரியில் படகுக் குழாம் 1890-இல் தொடங்கியது, 1932-இல்தான் வெளியிலிருந்து வரும் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள் என்பது ஒரு அடையாளம். 1936-இல் குறிஞ்சி ஆண்டவர் கோயில் எழும்பியது இன்னொரு அடையாளம். அதைக் கட்டியவர் யாழ்ப்பாணத் தமிழரான சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார், பிறப்பால் ஆஸ்திரேலிய வெள்ளைக்காரப் பெண். யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பிய அமெரிக்கர்கள் வழியாகப் பிறந்த ஊருக்கு, யாழ்ப்பாணத்துக்கு மருமகளாகப் போன ஒரு வெள்ளைக்காரப் பெண் முருகன் கோயில் கட்டிக் கொடுத்திருக்கிறார். இதைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

பிறகு பஸ் வந்தது, சுதந்திரம் வந்தது, மாதச் சம்பளக்காரர்கள் பெருகினார்கள், முழுப் பரீட்சை லீவு என்றால் மலை என்றாயிற்று. 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(5) பிரிவை எங்களுக்கு நடத்தியபோது விடுப்புப் பயணச் சலுகை நான்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, குழந்தைகள் என்றால் இரண்டு பேருக்கு என்று மனப்பாடம் செய்தோம். மேலே டோலியில் போன பாதிரியார் வீட்டுப் பிள்ளைக்கும் இந்தப் பிரிவுக்கும் ஒரு ஒட்டு உறவு இருக்கிறது என்று அப்போது தெரியாது. வேலை செய்கிறவன் குடும்பத்தோடு மலைக்குப் போய் வருவது ஆடம்பரம் இல்லை, தேவை என்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட இடம் அது.

காய்ச்சலுக்குத் தப்பிக்கக் கட்டிய ஊரிலேயே காய்ச்சல் பார்க்கும் கருவி செய்யும் ஆலை வந்த கதையை விட்டுவிட முடியாது. 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு தெர்மாமீட்டர் ஆலையை இங்கே நிறுவினார்கள். பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001-இல் ஆலை மூடப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்கள் உடம்பு கெட்டுப்போனதாகப் பல வருஷம் போராடினார்கள். 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு நிறுவனம் ஒப்பந்தம் போட்டு ஈடு கொடுத்தது. டோலி தூக்கியவர்களைப் போல இவர்கள் பெயரில்லாமல் போகவில்லை. நம் தலைமுறையில் ஏதாவது முன்னேறியிருக்கிறது என்றால் அது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன், அதற்கும் பதினைந்து வருஷம் ஆனது.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது, உயர்நீதிமன்ற உத்தரவு. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனம், சனி ஞாயிறில் 6,000 வாகனம் என்று கணக்குப் போட்டார்கள். அரசு பஸ்ஸில் வந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நாங்கள் பஸ் கட்சி.

இரண்டாம் நாள் காலை அக்காவும் நானும் கோக்கர்ஸ் வாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மேகம் விலகியபோது கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி வெயிலில் மினுங்கியது. அந்தப் பக்கத்துச் சரிவில்தான் பழைய டோலிப் பாதை ஏறி வந்தது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது, இப்போது தெரிந்துகொண்டு அந்த இடத்தில் மனதால் மறுபடி நின்று பார்க்கிறேன். சின்னவள் குல்லாவைக் கழற்றிக் கம்பிக்கு வெளியே நீட்டி, மேகத்தைப் பிடிக்கப் போகிறேன் என்று அடம்பிடித்தாள். குல்லாவைக் காற்று கொண்டுபோய்விட்டது. அம்மா முந்தானையால் அவள் மொட்டைத் தலையை மூடிக்கொண்டே இரண்டு மணி நேரம் அந்த ஊரையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் வத்தலக்குண்டு வழியாக இறங்கினோம். ரயிலில் போகலாம் என்று பெரியவன் ஆசைப்பட்டதால் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன். மஞ்சள் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "மலை இங்க இல்லையே, அப்புறம் எதுக்கு இந்தப் பேரு?" என்று கேட்டான். முந்தின நாள் பட்டதே போதும் என்று, "படிச்சுட்டுச் சொல்றேன்டா" என்றேன்.

கீழே வந்ததும் புழுக்கம் அடித்தது. பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த சின்னவளுக்கு வேர்த்திருந்தது. அக்கா அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அப்புறம் அம்மா வைத்துப் பார்த்தாள். அப்புறம் அக்கா என் கையை இழுத்து வைத்து, "நீ பாரு, சுடுதா?" என்றாள்.

"சுடலைக்கா. புழுக்கம்தான்."

வண்டி இருபது நிமிஷம் தாமதம். அதுவரை அவள் கையை எடுக்கவில்லை.